மூவிலைச் செடியும் தொட்டி மண்ணும்

தில்லியில் குடியேறிய நம் குடும்பங்களிடையே ஒரு நல்வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் துளசி நன்கு தழைத்தால், அதன் கன்று ஒன்று வேரோடும் மண்ணோடும் அடுத்த வீட்டுக்குச் சென்றுவிடும். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அது உறவு கொண்டாடும் முறையுமாகும். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் மூன்று வீடுகளுக்குத் துளசிக் கன்றுகள் கொடுத்தோம். அடுத்த குளிர்காலத்தில் அம்மூன்று வீட்டுத் தொட்டிகளிலும் துளசியைச் சுற்றி மூவிலைச் செடி ஒன்று கம்பளம் விரித்தாற்போல் எழுந்து, இளஞ்சிவப்புப் பூவும் பூத்தது. பிடுங்கப் பிடுங்கப் பெருகிற்று. நாம் கொடுத்தது துளசி மட்டுமன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். அப்பிழையிலிருந்து கற்றதை அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

மூவிலை கொண்டவை யாவும் ஒன்றல்ல. நம் தொட்டிகளிலும் பாத்திகளிலும் காணப்படும் ஆக்சாலிஸ் இனங்கள் மூன்றையேனும் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, நமக்குப் பழக்கமான புளியாரை. நிலத்தோடு படரும், சிறு மஞ்சள் பூப் பூக்கும். இதனை வங்காளத்தார் ஆம்ருல் என்று அழைத்துக் கீரையாகச் சமைப்பர். நம் பாட்டிமார் துவையல் அரைத்ததும் இதுவே. இதன் புளிப்புக்கு ஆக்சாலிக் அமிலமே காரணம். ஆகவே அளவோடு உண்ணுதல் நலம். சிறுநீரகக் கல் உடையோர் தவிர்த்தலே நன்று.

இரண்டாவது, நம்மை அலைக்கழித்த இளஞ்சிவப்புப் பூ இனம். இது தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாகப் பல நாடுகளுக்கும் சென்று, பின்னர்க் களையாக மாறியது. மண்ணுக்கடியில் சின்ன வெங்காயம் போன்ற கிழங்கு ஒன்றிருக்கும். அதனைச் சுற்றி மணி மணியாகக் குறுங்கிழங்குகள் ஒட்டியிருக்கும். செடியைப் பிடித்திழுத்தால் இலை கையோடு வரும். குறுங்கிழங்குகள் மண்ணில் உதிரும். ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடியாகும்.

மூன்றாவது, நர்சரிகளில் ஷாம்ராக் என்ற பெயரால் விற்கப்படும் கருஞ்சிவப்பு இலைச் செடி. அயர்லாந்து மக்கள் மார்ச் 17ஆம் நாள் புனித பாட்ரிக் திருநாளில் சட்டையில் அணியும் ஷாம்ராக் வேறு, இது வேறு. எது உண்மையான ஷாம்ராக் என்று 1893இல் நதானியல் கோல்கன் என்பார் அயர்லாந்தின் பல பகுதிகளிலிருந்தும் செடிகளைத் தருவித்து ஆராய்ந்தார். 1988இல் அவ்வாராய்ச்சி மீண்டும் நடைபெற்றது. இருமுறையும் மிகுதியாக வந்தது மஞ்சள் பூப் பூக்கும் சிறு கிளாவர் வகையே. இங்கே மாடுகளுக்கு இடும் பர்சீம் தீவனமும் அக்கிளாவர் இனத்தைச் சேர்ந்ததே. நர்சரி ஷாம்ராக்கின் தாயகமோ பிரேசில் முதலிய தென் அமெரிக்க நாடுகள்.

இதனை வளர்ப்பது எளிது. நீர் தேங்காத மண்ணும், காலை வெயில் படும் சன்னலோரமும் போதும். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுக. இரவில் இலைகள் மடிவது நோயன்று, அதன் இயல்பு. கோடை வெம்மையில் இலைகள் வாடி உதிரும்போது செடி மாண்டதென்று எண்ணிப் பலர் தொட்டியைக் கொட்டிவிடுகின்றனர். அது செடியின் ஓய்வுக்காலம். நீரை நிறுத்தி, தொட்டியை நிழலில் வைத்துவிடுக. வெம்மை தணிந்து புதுத் தளிர் தலைகாட்டியதும் மீண்டும் நீர் விடலாம். தரையில் மட்டும் நட வேண்டாம். தொட்டியே அதற்குத் தக்க எல்லை.

இனிக் களையெடுப்பு. புளியாரையின் காய் முற்றினால் வெடித்து விதைகளைச் சில அடி தூரம் வீசும். ஆதலின் காய்க்குமுன் எடுத்துவிடுதல் வேண்டும். மண்ணை நனைத்து, ஆணிவேரோடும், கணுதோறும் இறங்கிய சிறு வேர்களோடும் நீக்குக. பின்னர்ச் சருகு கொண்டு மூன்று விரற்கடை உயரம் மூடினால் புது விதைகள் முளைப்பது குறையும்.

இளஞ்சிவப்பு இனத்துக்கு இம்முறை பயன்படாது. அதனைக் கொத்திக் கிளறுதல் கூடாது. கிளறினால் குறுங்கிழங்குகள் பரவும். பூக்குமுன்னரே, சுற்றியுள்ள மண்கட்டியோடு கரண்டியால் அள்ளி எடுக்க வேண்டும். அம்மண்ணை எருக்குழியில் இடாமல் பையில் கட்டி அகற்றுக. எஞ்சியவற்றில் இலை தோன்றும்போதெல்லாம் கிள்ளிவந்தால், உணவின்றிக் கிழங்கு நாளடைவில் மெலியும். தொட்டி மண்ணாயின், மே, ஜூன் மாதங்களில் அதனை மெல்லிய படுக்கையாகப் பரப்பி, ஈரமாக்கி, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளால் மூடி ஆறு வாரம் வெயிலில் இடலாம். தில்லி வெயில் நமக்குச் செய்யும் உதவிகளுள் இஃது ஒன்று. ஒரே பருவத்தில் முற்றும் ஒழியுமென்று எதிர்பார்க்க வேண்டாம். எமக்கு மூன்று குளிர்காலங்கள் ஆயின.

அம்மூன்று வீட்டாரிடமும் சென்று உண்மையைச் சொன்னோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கரண்டியும் பையுமாக நம்மோடு அமர்ந்து மண்ணை அள்ளினர். இப்பொழுதும் நாம் செடி கொடுக்கிறோம். ஆனால் மண்ணோடு கொடுப்பதில்லை. துளசியை விதையாகவும், மல்லிகையை வெட்டிய போத்தாகவும் கொடுக்கிறோம். வேரோடு கொடுக்க நேர்ந்தால், வேரை நீரில் அலசிக் குறுங்கிழங்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே கொடுக்கிறோம். வாங்குவோரும் புதுத் தொட்டியை ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்தல் நன்று. கொடுக்கும் வழக்கம் நம்மிடையே என்றும் நிலைக்கட்டும். களை மட்டும் நம் வீட்டோடு நிற்கட்டும்.