ஆட்டுக் குடற்புழுவுக்கு முருக்கன் விதை: பலன் உண்டா என்று அறிவது எப்படி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து புல் தழைக்கும் நாட்களில், நன்றாக மேய்ந்த ஆடுகளும் மெலிவதைப் பார்த்திருப்பீர்கள். தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கும். கண் இமையின் உட்புறம் வெளுக்கும். குட்டிகள் திடீரென இறந்துபோகும். வேளச்சேரி ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் போன்ற ஈரமான இடங்களை ஒட்டி ஆடு மேய்ப்போருக்கு இது பெரும் இழப்பு.

இதற்குப் பெரும்பாலும் காரணம், ஆட்டின் நான்காம் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்னும் உருண்டைப் புழு. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தத்தை வீணாக்கும். 1,000 புழுக்கள் இருந்தால் 50 மில்லி இழப்பு. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்கு மேலும் இடும். முட்டைகள் புழுக்கையுடன் வெளிவந்து பொரிந்து, இளம்புழுக்களாகி, ஈரப் புல்லில் ஏறி, மீண்டும் ஆட்டின் வயிற்றை அடைகின்றன.

விதை மருந்தை ஏன் நாடுகிறோம்?

ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததால், பென்சிமிடசோல் வகை மருந்துகளுக்குச் சாகாத புழுக்கள் தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளிலும் தோன்றிவிட்டன. ஆகவே செடிகளின் பக்கம் கவனம் திரும்பியுள்ளது. அவற்றுள் முக்கியமானது முருக்கன் விதை. இது புரச மரத்தின் விதை. முருங்கை வேறு, முள்முருங்கை வேறு. சென்னைப் புரசைவாக்கம் பெயர் பெற்றதும் இம்மரத்தால்தான். சித்த மருத்துவத்தில் மனிதரின் வயிற்றுப் புழுவுக்கு இவ்விதை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

ஆய்வுகள் கூறுவது

வேலூரை அடுத்த மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள் சீத்தா, சுண்டை, கடுக்காய் முதலியவற்றின் சாறுகளை ஹீமாங்கஸ் முட்டைகள், இளம்புழுக்கள் மீது சோதித்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். செறிவு மிகுந்த சாறுகள் முட்டை பொரிப்பதைத் தடுத்தன. ஆனால் இது கண்ணாடித் தட்டில் கண்ட பலன். ஆட்டின் வயிற்றிலோ பல லிட்டர் தீனியும் நீரும் உள்ளன. சாறு அதில் கரைந்து வலுவிழக்கும், நுண்ணுயிர்களாலும் சிதையும்.

மண்புழுவை விதைச்சாற்றில் இட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு. மண்புழு குடற்புழு அன்று. சோப்பு நீரிலும் அது செத்துவிடும். அதை நம்பி ஆட்டுக்கு மருந்து கொடுக்க இயலாது.

ஆட்டினத்திலேயே செய்த சோதனைதான் சான்றாகும். பாகிஸ்தானின் பைசலாபாத் ஆய்வாளர்கள் முருக்கன் விதைத் தூளைச் செம்மறி ஆடுகளுக்கு எடையில் கிலோவுக்கு 1, 2, 3 கிராம் என்ற அளவுகளில் கொடுத்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். 3 கிராம் அளவில், 10-ஆம் நாளில், முட்டை எண்ணிக்கை 78.4 சதவீதம் குறைந்தது. லெவாமிசோல் மருந்திலோ 99.1 சதவீதம் குறைந்தது. விதைக்கு வலு உண்டு. ஆனால் இரசாயன மருந்துக்கு ஈடாகவில்லை என்பதே இதன் பொருள். மேலும் 20 கிலோ ஆட்டுக்கு 60 கிராம் தூள் தேவை. ஒரு சிட்டிகை கொடுத்துவிட்டுப் பலனை எதிர்பார்த்தல் கூடாது.

நீங்கள் சோதிக்கும் முறை

புழுக்கையில் புழு விழுவதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். முட்டைகளை எண்ணுவதே சரியான வழி.

1. கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில், அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து, ஒரே இடத்தில் மேயும் ஆடுகளை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். கூட்டத்திற்கு 10 ஆடுகள் இருப்பது நல்லது. ஒன்றுக்கு விதைத்தூள், ஒன்றுக்கு மருத்துவர் கூறும் மருந்து. மூன்றாவதற்கு எதுவும் வேண்டாம்.

2. இமை வெளுத்த ஆடுகளைச் சோதனையில் சேர்க்காமல் உடனே சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள்.

3. எடை பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

4. மருந்து கொடுக்கும் நாளிலும், பின் 10 முதல் 14 நாட்களுக்குள்ளும், ஒவ்வோர் ஆட்டின் புதிய புழுக்கையைத் தனித்தனிப் பையில் இட்டு, ஆட்டின் அடையாளம் எழுதி, குளிர்ச்சியாக வைத்து அன்றே ஆய்வுக்கு அனுப்புங்கள்.

எடுத்துக்காட்டாக, இரண்டாம் எண்ணிக்கையில் மருந்து கொடாத கூட்டத்தில் ஒரு கிராமுக்குச் சராசரி 1,500 முட்டைகளும், விதைத்தூள் கொடுத்த கூட்டத்தில் 300 முட்டைகளும் இருந்தால், குறைவு 80 சதவீதம். நல்ல மருந்தென்றால் 95 சதவீதமாவது குறைய வேண்டும். மருந்து கொடாத கூட்டம் ஏன் என்று கேட்கலாம். கோடை வறட்சியாலும், நல்ல தீனியாலும் எண்ணிக்கை தானே குறைவதுண்டு. அக்கூட்டம் இல்லையேல் அந்தப் பெருமையும் விதைக்கே போய்விடும்.

எச்சரிக்கை

விதையெல்லாம் தீங்கற்றவை அல்ல. எட்டி விதையும் ஆமணக்கு விதையும் ஆட்டைக் கொன்றுவிடும். சீத்தா விதைத்தூள் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். சினை ஆடுகளைச் சோதனையில் சேர்க்காதீர்கள். சதுப்பு நிலத்தில் நத்தைகள் மூலம் பரவும் தட்டைப் புழுக்கள் வேறு இனம். உருண்டைப் புழுவில் கண்ட பலனை அவற்றுக்கும் பொருத்திவிடக் கூடாது.

புழுக்கைச் சோதனைக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம். பனி உலர்ந்தபின் மேய்ச்சலுக்கு விடுவதும், கொட்டிலை ஈரமின்றி வைப்பதும் எந்த மருந்துக்கும் துணை செய்யும். எண்ணிப் பார்த்து மருந்து கொடுங்கள், குட்டிகளைக் காத்திடுங்கள்!