விலையைக் குறைக்கும்போது எதைக் குறைக்கிறோம்? - இமயமலைப் பாதையில் கண்ட வியாபாரக் கணக்கு

பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைத்தால் நாமும் குறைக்கிறோம். அவர் மீண்டும் குறைத்தால் நாமும் மீண்டும் குறைக்கிறோம். குறைத்த அந்தப் பணம் யாருடைய பங்கிலிருந்து கழிகிறது என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர்கள் எம்மில் சிலரே. அந்தக் கணக்கை நான் மிகத் தெளிவாகக் கண்ட இடம் நேபாளத்தின் ஒரு மலைப்பாதை.

2023 ஒக்டோபரில் நண்பர்கள் நால்வராகக் கஞ்சன்ஜங்கா மலையின் வடக்கு அடிவார முகாமுக்கு நடந்து சென்றோம். நேபாளத்துக்கும் சிக்கிமுக்கும் எல்லையில் நிற்கும் இம்மலை 8,586 மீற்றர் உயரமானது. உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரம். சிகரத்தில் ஏறுவது எம்மைப் போன்றவர்களின் வேலையல்ல. ஆனால், சுமார் 5,140 மீற்றர் உயரத்தில் பாங்பேமா என்ற இடத்திலுள்ள அடிவார முகாம் வரை, ஆரோக்கியமும் பொறுமையும் உள்ள எவரும் வழிகாட்டியுடன் நடந்து செல்லலாம். காத்மண்டுவிலிருந்து பத்ரபூருக்கு விமானம். அங்கிருந்து இலாம் தேயிலைத் தோட்டங்கள் ஊடாக ஜீப் வண்டியில் தாப்லேஜுங் மாவட்டம். எமது ஏலத்தை விடப் பருமனான கறுப்பு ஏலம் விளையும் பூமி அது. அதன் பின்னர் எல்லாம் கால்நடைதான். போய்த் திரும்ப மூன்று வாரங்கள் வரை எடுக்கும்.

நடப்பதை விற்கும் தொழில்

ஜிம்மி றொபட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி 1964இல் காத்மண்டுவில் ஒரு கம்பனியை ஆரம்பித்தார். மலையேறும் குழுக்களுக்கு மட்டும் கிடைத்து வந்த கூடாரம், சமையல்காரர், சுமைகாரர், வழிகாட்டி ஆகிய வசதிகளைச் சாதாரண பயணிக்கும் விலைக்குக் கொடுப்பதே அவரது யோசனை. அடுத்த வருடம் அவருக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர்கள் மூன்று அமெரிக்கப் பெண்மணிகள். நேபாளத்தின் நடைப்பயணத் தொழில் இப்படித்தான் தொடங்கியது. கஞ்சன்ஜங்காப் பாதை வெளிநாட்டவருக்கு 1988இல் திறந்துவிடப்பட்டது.

இன்றும் இங்கு நாமாக அனுமதிப்பத்திரம் பெற்று நடக்க முடியாது. இது கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. பதிவுபெற்ற முகவர் ஒருவர் மூலமே அனுமதி கிடைக்கும். நாம் சென்றபோது ஒருவருக்கு வாரத்துக்கு 20 அமெரிக்க டொலர் அறவிட்டார்கள். இயற்கைப் பாதுகாப்புப் பகுதிக் கட்டணம் ஏனைய நாட்டவருக்கு 2,000 நேபாள ரூபா, சார்க் நாட்டவரான எமக்கு 500 ரூபா.

பாதையோரத் தங்குமடங்களின் வியாபார முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அறை வாடகை சொற்பம். ஆனால், இராச் சாப்பாட்டையும் காலைச் சாப்பாட்டையும் அங்கேயே எடுக்க வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். இலாபம் அடுப்பிலிருந்துதான் வருகிறது. சோறும் பருப்பும் மரக்கறியும் கேட்கக் கேட்க வைப்பார்கள். எமக்கு ஹலால் பிரச்சினையும் அதனால் எழவில்லை. மேலே போகப் போக ஒவ்வொரு பொருளின் விலையும் ஏறும். அரிசியும் மண்ணெண்ணெயும் மனித முதுகிலோ யாக் மாட்டின் முதுகிலோதான் வந்து சேர்கின்றன. சுடுதண்ணீரைக்கூடப் போத்தல் கணக்கில் விற்கிறார்கள். போத்தலில் வைத்த தண்ணீர் விடியும்போது உறைந்து கிடக்கும் இடத்தில், ஸுபஹு தொழுகைக்கு வுழூச் செய்யச் சுடுதண்ணீர் வாங்கியபோது அந்த விலை எமக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மலிவின் இரகசியம்

புறப்பட முன்னர் ஒரே பாதைக்கு நான்கு முகவர்களிடம் விலை கேட்டிருந்தேன். ஆகக் கூடிய விலை, ஆகக் குறைந்த விலையின் இரு மடங்குக்குக் கிட்டியது. அனுமதிக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே. விமானச் சீட்டும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் வித்தியாசம் எங்கே? நான்கு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விடை தெரிந்தது.

முதலாவது, நாட்கள். மலிவான பட்டியலில் ஓய்வு நாட்கள் வெட்டப்பட்டிருந்தன. 5,000 மீற்றரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை விடச் சற்றே அதிகம். 3,000 மீற்றரைத் தாண்டிய பின்னர் உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பதும் வைத்தியர்களின் அறிவுரை. அதை மீறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிரே போகலாம். குன்சா, கம்பாச்சன் கிராமங்களில் ஒவ்வொரு நாள் தங்குவது பார்ப்பதற்கு வீண் செலவு. உண்மையில் நாம் பணம் கொடுத்து வாங்குவதே அந்த நாட்களைத்தான்.

இரண்டாவது, சுமைகாரர். இரண்டு பயணிகளுக்கு ஒரு சுமைகாரர் என்பது வழக்கம். மூன்று பேருக்கு ஒருவர் என்று ஆக்கினால் விலை குறையும், அவர் முதுகில் பாரம் ஏறும். சுமைகாரர்களின் பாதுகாப்புக்காக 1997இல் உருவான ஒரு சர்வதேசக் குழு அவர்களுக்கும் குளிருடை, தங்குமிடம், வைத்திய வசதி ஆகியன வேண்டுமென்று வலியுறுத்தி வருகிறது. வலியுறுத்த வேண்டிய நிலை இருந்தது என்பதே கவலைக்குரியது. 2014 ஒக்டோபரில் அன்னபூர்ணாப் பகுதியில் வீசிய பனிப்புயலில் 40 பேருக்கு மேல் இறந்தனர். பயணிகளுடன் வழிகாட்டிகளும் சுமைகாரர்களும் அதில் அடங்குவர். கூலி விடயத்தில் நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி எமக்குத் தெரியாததல்ல. கூலியை வெட்டித்தான் விலையைக் குறைக்க முடியும் என்றால் அந்த வியாபாரத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத வருமானம். 2018இல் நேபாள அரசாங்கம் நடத்திய விசாரணையில் பெரும் மோசடி ஒன்று வெளியானது. சில முகவர்கள் அடிமட்ட விலைக்குப் பயணிகளைச் சேர்த்தனர். பின்னர் சாதாரண தலைவலிக்கும் ஹெலிகொப்டரை அழைத்து, விமானச் செலவிலும் வைத்தியச் செலவிலும் தரகுப் பணம் பெற்றனர். ஒரே பறப்பில் பலரை ஏற்றிவிட்டு, ஒவ்வொருவரின் காப்புறுதியிடமும் தனித்தனியே முழுத் தொகை கேட்ட சம்பவங்களும் உண்டு. இதனால் நேபாளப் பயணிகளுக்குக் காப்புறுதி வழங்குவதையே நிறுத்த நேரிடும் என 2019இல் சர்வதேசக் காப்புறுதி நிறுவனங்கள் எச்சரித்தன. சிலர் செய்த காரியத்துக்கு நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் பெயர் கெட்டார்கள்.

"இல்லை" என்று சொன்ன வழிகாட்டி

நாங்கள் தெரிவு செய்தது நடுத்தர விலை கொண்ட ஒரு முகவரை. அவருடைய பட்டியலில் மட்டும் ஓய்வு நாட்களும் சுமைகாரர்களின் காப்புறுதியும் தனித்தனி வரிகளாக எழுதப்பட்டிருந்தன.

அதன் பெறுமதி கம்பாச்சனில் தெரிந்தது. எங்களில் ஒருவர், மாத்தளையில் புடைவைக்கடை வைத்திருப்பவர், தலைவலியோடு எழும்பினார். சாப்பாடு இறங்கவில்லை. நடையில் தள்ளாட்டம் இருந்தது. வழிகாட்டி அவரை ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மேலே போக முடியாது, இப்போதே இறங்க வேண்டும் என்றார். "முழுக் காசும் கட்டித்தானே வந்தேன். இன்னும் இரண்டு நாள்தானே?" என்று நண்பர் வாதாடினார். வழிகாட்டி கோபிக்கவில்லை. மலை அடுத்த வருடமும் இங்கேயே இருக்கும், நீங்களும் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஹெலிகொப்டரை அழைத்தால் அவருக்கும் ஏதாவது கிடைத்திருக்கக் கூடும். அழைக்கவில்லை. தாமே ஒரு சுமைகாரருடன் நண்பரைக் குன்சாவுக்கு இறக்கினார். உதவி வழிகாட்டியுடன் நாங்கள் மூவரும் லோனாக் வழியாகப் பாங்பேமா சென்று திரும்பினோம். நாங்கள் குன்சாவை அடைந்தபோது நண்பர் சுகமாகி, அடுப்படியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

அந்த நண்பர்தான் ஊர் திரும்பியது முதல் இந்த முகவரைப் பலருக்கும் சிபாரிசு செய்கிறார். முகாமைக் காணாத வாடிக்கையாளரே அவருக்கு ஆகச் சிறந்த விளம்பரம்!

காத்மண்டுவில் காஷ்மீரி தகியா பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுதோம். பல நூற்றாண்டுகளுக்கு முன் காஷ்மீரிலிருந்து வந்து, இமயத்தைக் கடந்து லாஸா வரை வியாபாரம் செய்த முஸ்லிம்களின் நினைவைச் சுமக்கும் பள்ளி அது. கடிதம் போய்ச் சேரவே மாதங்கள் எடுத்த காலத்தில், நாணயம் இல்லாத வியாபாரிக்கு அந்தப் பாதையில் இரண்டாவது பயணம் இருந்திருக்காது.

உம்ராப் பயணமாகட்டும், வீடு கட்டும் ஒப்பந்தமாகட்டும், பொருளைக் காணும் முன்னரே பணம் வாங்கும் எந்தத் தொழிலும் அமானிதம்தான். அடுத்த முறை போட்டிக்காக விலையைக் குறைக்க நினைக்கும்போது ஒரு தாளை எடுத்து, குறையும் தொகை எந்த வரியிலிருந்து போகிறது என்று எழுதிப் பாருங்கள். எமது இலாபத்திலிருந்து போனால் அது தாராளம். வீண்செலவிலிருந்து போனால் அது கெட்டித்தனம். ஊழியரின் கூலியிலிருந்தோ வாடிக்கையாளரின் பாதுகாப்பிலிருந்தோ போனால், அது எமக்குச் சொந்தமில்லாத பணம்.

எமது கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் நாணயத்தையும் பரக்கத்தையும் தருவானாக.