இறால் ஓட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

இறால் பதப்படுத்தும் கூடங்களில் குவியும் ஓடு, நாற்றம் தாங்காமல் ஊரார் முகம் சுளிக்கும் கழிவு. அதிலுள்ள கைட்டின் என்ற பொருளைக் காரக் கரைசலில் வேகவைத்தால் கைட்டோசான் கிடைக்கும். பிரெஞ்சு உடலியலாளர் ரூஜே 1859-இலேயே இதைச் செய்து பார்த்துவிட்டார். இன்று அது ரத்தம் நிறுத்தும் பட்டையாகவும், உடலுக்குள் வைக்கும் பொருளாகவும், எடை குறைக்கும் மாத்திரையாகவும் வருகிறது. பெயர் ஒன்றுதான், நம்பகத்தன்மை ஒன்றல்ல.

பட்டையின் வேலை எளிது. கைட்டோசானுக்கு நேர்மின்னூட்டம், ரத்தச் சிவப்பணுவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு காயத்தின் வாயை அடைக்கின்றன. உடலின் உறைதல் காரணிகளை இது பெரிதும் நம்பியிருப்பதில்லை. அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஏற்றப்பட்டவருக்கும் உதவும். அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்ற ஹெம்கான் பட்டை ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்களங்களுக்குப் போனது. இந்தியத் தயாரிப்பான ஆக்ஸியோஸ்டாட்டும் இந்த வகைதான். ஆஞ்சியோகிராம் முடிந்து மணிக்கட்டில் ஒட்டப்படும் சிறு பட்டை கைட்டோசானாக இருக்கலாம்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் என்ன செய்வது? ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் டிரோபோமையோசின் என்ற புரதம். நன்றாகச் சுத்திகரித்த கைட்டோசானில் புரதம் மிகக் குறைவு. ஆனால் சுத்தத்தைக் கண்ணால் அளக்க முடியாது. எனவே ஒவ்வாமையை முன்கூட்டியே சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். வெளிக்காயப் பட்டையை எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இத்தகைய பட்டைகள் உட்பட எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆகவே உறையில் உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கிறதா என்று பார்ப்பது நோயாளியின் உரிமை. பில்லோடு உறையின் படத்தையும் பத்திரப்படுத்தினால் பின்னால் உதவும். பட்டை போட்ட இடம் வீங்கினாலோ புண்ணானாலோ மருத்துவரிடம் காட்டியபின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். இப்படிக் கருவிகளால் வரும் பாதிப்புகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2015 முதல் நடக்கிறது.

குருத்தெலும்பு வளர்க்கவும், அறுந்த நரம்பை இணைக்கவும் கைட்டோசான் பொருட்கள் ஐரோப்பாவில் அனுமதி பெற்றுள்ளன. மற்ற திசுப் பொறியியல் முயற்சிகளில் பல இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான். "புது டெக்னிக்" என்று யாராவது அழைத்தால் முதலில் கேட்க வேண்டியது: இது சிகிச்சையா, ஆய்வா? ஆய்வென்றால் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-இன் பதிவு எண், பாதிப்பு வந்தால் இழப்பீடு ஆகியவை வேண்டும். நடுவில் விலகவும் உரிமை உண்டு. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை.

மாத்திரைதான் வம்பு. "கொழுப்பை உறிஞ்சும்" என்று ஃபேட் டிராப்பர் என்ற கைட்டோசான் மாத்திரையை விற்ற என்ஃபோர்மா நிறுவனம், அமெரிக்க வர்த்தக ஆணையத்துடனான சமரசத்தில் 2000-இல் 1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. கைட்டோசானால் எடை குறைவது மிகச் சொற்பம் என்று 2008-இன் காக்ரேன் ஆய்வு முடிவு கட்டியது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுவோர் இந்த மாத்திரையைத் தொடும் முன் மருத்துவரிடம் கேட்பது கட்டாயம். அந்த மருந்தின் விளைவைக் கூட்டிவிட வாய்ப்புண்டு. பொய் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவு ₹10 லட்சம் வரை அபராதம் விதிக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். இழப்பீடு வேண்டுமானால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். விளம்பரத்தின் படம், பில், டப்பா மூன்றும் கையில் இருக்கட்டும்.