கொரிய எழுத்தும் நமது நாவும்

அக்குறணையிலிருந்து கண்டி டவுனுக்குப் போய்க் கொரிய மொழி படிக்கும் பழைய மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் கொப்பியொன்றுடன் வீட்டுக்கு வந்தார். கொரிய வேலைவாய்ப்புக்கான மொழிப் பரீட்சையில் ஒருமுறை தவறியவர். வகுப்பு சிங்களத்தில் நடக்கிறது. கேட்டதையெல்லாம் தமிழெழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

"சேர், எழுதினத வாசிக்க ஏலும். அவங்க பேசுற நேரம் ஒண்டும் விளங்குதில்ல."

அவரோடு சேர்ந்து நானும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினேன். பிழை கொஞ்ச நாளில் பிடிபட்டது. கொப்பியில் 'தல்' என்று மூன்று இடத்தில் இருந்தது. ஒன்று நிலா, ஒன்று மகள், ஒன்று முகமூடி. கொரியர் இம்மூன்றையும் வெவ்வேறு எழுத்தால் தொடங்குகிறார்கள். நிலாவுக்குச் சாதாரண 'த'. முகமூடிக்கு மூச்சைத் தள்ளிச் சொல்லும் 'த'. வாய்க்கு முன்னால் கடதாசித் துண்டைப் பிடித்தால் அது ஆட வேண்டும். மகளுக்கு நாவை இறுக்கி, மூச்சு விடாமல். நமது 'பத்து' என்பதில் வரும் 'த்து' போல. தமிழெழுத்தில் எழுதிய உடனே மூன்றும் ஒன்றாகி விட்டன.

நமது முன்னோர் அரபுத்தமிழ் எழுதியபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். இந்தப் பிள்ளை எழுத்தைக் கூட்டவில்லை, ஒலியைக் குறைத்துவிட்டார்.

இந்த எழுத்தை மன்னர் செஜோங் 1443இல் ஆக்கி, 1446இல் அறிவித்தார். அப்போது 28 எழுத்துகள்; இன்று அடிப்படை 24, அதில் மெய் 14, உயிர் 10. குர்ஆன் மத்ரஸாவில் மக்ரஜ் படித்தவர்களுக்கு இதன் அமைப்பு புதினமாக இராது. 'க' எழுத்து, அடிநா உயர்ந்து தொண்டையை அடைக்கும் வடிவம். 'ந', நுனிநா மேலே தொடும் வடிவம். 'ம' வாய், 'ஸ' பல். 'க', 'த' இரண்டிலும் ஒரு கோடு கூட்டினால் மூச்சொலி. அதே எழுத்தை இரட்டித்தால் இறுக்கமான ஒலி.

தமிழ் படித்தவருக்கு வேறு வசதிகளும் உண்டு. இறைச்சிக்குக் கொரியில் 'கோகி'. இரண்டும் ஒரே எழுத்துத்தான். முதலாவது 'கல்'லின் 'க' போலவும், உயிர்களுக்கு நடுவில் வருவது 'தங்க'த்தின் 'க' போலவும் ஒலிக்கும். 'ஹங்குல்' என்ற பெயரிலுள்ள உகரமோ இதழ் குவியாதது. 'காது', 'பந்து' என்று பேச்சில் முடிக்கிறோமே, ஏறத்தாழ அந்தக் குற்றியலுகரம். இலக்கண வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விட்ட பாடம் இங்கே கை கொடுக்கிறது!

உயிரும் மெய்யும் ஒரே கட்டுக்குள் அமரும். ஈற்று மெய் அடியில் போய் நிற்கும். அடுத்த கட்டின் முதலெழுத்தைப் பார்த்து அது மாறுவதும் உண்டு. நன்றி சொல்லும்போது எழுத்தில் 'ஹப்னிதா', வாயில் 'ஹம்னிதா'. தஜ்வீதில் இத்காம், இக்லாப் ஓதியவருக்கு இதைப் பிடிக்க ஒரு நாள் போதும்.

இப்போது அந்தக் கொப்பியின் தமிழெழுத்துகளை ஒவ்வொரு பக்கமாக அழித்து வருகிறோம். உயிர்களுக்கு நடுவில் 'ர'வாகவும் ஈற்றில் 'ல்'லாகவும் ஒலிக்கும் எழுத்தில் நிற்கிறோம். அவருக்கு அது வருகிறது. எனக்குத்தான் இன்னும் சரியாக வரவில்லை.