டோக்கியோவுக்கு ஓட்டக்காரரை அனுப்பிய தங்கவயல்

1964 அக்டோபரில் டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியில் கோலார் தங்கவயலைச் சேர்ந்த கென்னத் பாவெல் இடம்பெற்றிருந்தார். அந்தோணி கூட்டினோ, மக்கன் சிங், ராஜசேகரன் ஆகியோருடன் அவர் ஓடிய 400 மீட்டர் தொடர் ஓட்ட அணி அரையிறுதிக்கு முன்னேறியது. 1965-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. 2022 டிசம்பரில் பெங்களூரில் அவர் காலமானார்.

அவரது ஊரோ அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது. வடாற்காடு பகுதியிலிருந்து சென்ற தமிழர்கள், குறிப்பாகத் தலித் தொழிலாளர்கள், தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் அது. ஆங்கிலேய நிர்வாகிகள் கொண்டுவந்த ஹாக்கியும் கால்பந்தும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வேரூன்றின. மத்திய சுரங்க அமைச்சகத்தின் கீழிருந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. வேலையோடு, நிறுவனத்தை நம்பியிருந்த விளையாட்டு வாழ்வும் ஆதரவிழந்தது. பிழைப்புக்காகப் பலர் நாள்தோறும் ரயிலில் பெங்களூர் சென்று திரும்பத் தொடங்கினர்.

சுரங்கக் கழிவு மண்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. அதில் வரும் வருவாயில் ஒரு பங்கு, தங்கவயல் இளைஞர்களின் வேலைவாய்ப்புக்கும் மைதானங்களுக்கும் ஒதுக்கப்படுமா என்பதைத் தில்லிதான் தெளிவுபடுத்த வேண்டும்.