நாடகம் முடிஞ்சுது, சண்டை முடியலையே!



நாகரசம்பட்டியில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. ஒரு அக்கா மட்டும் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று ஊக்குநர் கேட்டதுதான் தாமதம், மனசில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார்.

"எம் மருமக கம்பெனி வேலைக்குப் போறா. பஸ்ஸ விட்டு இறங்கி வந்ததும் போனை எடுத்துக்கிட்டு மாட்டுக் கொட்டாய் பக்கம் போயிடறா. குசுகுசுன்னு பேசறா. நான் கிட்ட போனா வெச்சிடறா. நாடகத்துலயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில அந்தப் பொண்ணு குடும்பத்தையே ரெண்டாக்கிட்டா. இவளும் அதுக்குத்தான் அடி போடறா!"

மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டே ரெண்டு மாசம் ஆகிவிட்டதாம். உண்மை என்ன என்று கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன்னால், நாடகத்தில் வந்த பெண் எப்படி இந்த அக்காவின் வீட்டுக்குள் வந்தாள் என்று பார்ப்போம்.

இது நமக்கு மட்டும் நடப்பதா?

"படிக்காத பொம்பளைங்க, அதான் இப்படி" என்று சிலர் கேலி பேசுவார்கள். அது தப்பு. நம்பியார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எம்.ஜி.ஆர். படங்களில் வில்லனாக வந்து கையைப் பிசைவார். அவரைத் திரையில் பார்த்தாலே அந்தக் காலத்துப் பெண்கள் திட்டித் தீர்ப்பார்கள். நிஜத்தில் அவர் சைவச் சாப்பாட்டுக்காரர், மதுவைத் தொடாதவர், வருஷா வருஷம் சபரிமலைக்குப் பலரை அழைத்துப்போன குருசாமி. 2008-ல் அவர் காலமானார்.

1987, 1988-ல் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடர் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, டி.வி. பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றிப் பார்த்த வீடுகள் நாடு முழுவதும் உண்டு. ராமராக நடித்த அருண் கோவில், சீதையாக நடித்த தீபிகா இருவரையும் எங்கே பார்த்தாலும் மக்கள் காலில் விழுந்து கும்பிட்டார்கள். சீதையாக நடித்தவரும், ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991 தேர்தலில் நின்று எம்.பி.யே ஆனார்கள்.

அமெரிக்காவில் 1969-ல் ஆரம்பித்த ஒரு தொடரில் ராபர்ட் யங் என்ற நடிகர் டாக்டராக வந்தார். முதல் 5 வருஷத்தில் அந்த டாக்டருக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் வந்தன. பெரும்பாலும் "என் நோய்க்கு என்ன மருந்து?" என்று கேட்டுத்தான்! எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எழுதிய கடிதங்கள் அவை. ஆகவே இது படிப்பில்லாததால் வருவது இல்லை. மனுஷ மனசின் பழக்கம்.

மனசு ஏன் இப்படிச் செய்கிறது?

ஒருவர் முகத்தைத் தினமும் பார்த்தால், அவர் அழுவதையும் சிரிப்பதையும் கிட்ட இருந்து பார்த்தால், "இவர் நம்ம ஆளு" என்று மனசு முடிவு செய்துவிடும். டி.வி. வருவதற்கு முன்னால் அப்படிப் பார்த்த முகம் எல்லாம் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் முகம்தான். கண்ணாடிக்குள் தெரியும் முகத்துக்குத் தனிக் கணக்கு வைக்க மனசுக்குத் தெரியாது. 1956-லேயே ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். நமக்கு அவரை நன்றாகத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியவே தெரியாது. அப்படி ஒரு ஒருபக்கத்து உறவு என்றார்கள்.

சினிமா மூணு மணி நேரத்தில் முடிந்துவிடும். சீரியல் அப்படி இல்லை. ராதிகா நடித்த 'சித்தி' 1999 முதல் 2001 வரை ஓடியது. 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை. தேவயானி அபியாக வந்த 'கோலங்கள்' 2003-ல் ஆரம்பித்து 2009 வரை, 1,500 நாட்களுக்கு மேல்! கட்டிக்கொடுத்த மகளைக்கூட நாம் இத்தனை நாள் பார்த்திருக்க மாட்டோம். நம் வீட்டில் பொங்கல் வைக்கிற வாரத்தில் அவர்கள் வீட்டிலும் பொங்கல் பொங்குகிறது. அடுப்படி, மாமியார், நகை, வளைகாப்பு எல்லாம் நம் வீட்டில் இருப்பதுதான். பிறகு மனசு என்ன செய்யும்?

இன்னொரு முக்கியமான விஷயம். நம் குழுவில் ரசீது இல்லாமல் ரொக்கப் புத்தகத்தில் வரவு எழுத விடுவோமா? மாட்டோம். ஆனால் மனசு அப்படித்தான் எழுதுகிறது. ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அது எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடும். "போனில் ரகசியமாகப் பேசுகிறவள் சதி செய்வாள்" என்பது வரவாகிவிட்டது. அது ராத்திரி எட்டரை மணி நாடகத்தில் பார்த்தது என்ற ரசீது தொலைந்து போய்விட்டது.

நாடகத்துக்குத் தினமும் ஒரு சண்டை வேண்டும். நல்ல மருமகள் நல்லபடியாகச் சமைத்தாள், எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கினார்கள் என்றால் நாளைக்கு யார் பார்ப்பார்கள்? அதனால்தான் அங்கே எல்லோரும் சதி செய்கிறார்கள். நம் ஊரில் அத்தனை சதி கிடையாது.

ஆதி குணசேகரன் சொல்லிக்கொடுத்த பாடம்

'எதிர்நீச்சல்' பார்த்தவர்களுக்கு ஆதி குணசேகரனை மறக்க முடியாது. வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கும் அந்த அண்ணனை நாம் தினமும் திட்டினோம். அதில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ம் தேதி, அதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடம்பு முடியாமல் போய் இறந்துவிட்டார். தேனிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, பல வருஷம் கஷ்டப்பட்டு 'கண்ணும் கண்ணும்' என்ற படத்தை இயக்கியவர். முந்தாநாள் வரைக்கும் திட்டிய பெண்களே அன்றைக்கு அழுதார்கள். பிறகு அதே வேஷத்தில் வேல ராமமூர்த்தி வந்தார். குணசேகரன் என்பது ஒரு சட்டை, அதை யார் வேண்டுமானாலும் போட்டுக் கழற்றலாம் என்பது அப்போது நம் கண்முன்னாலேயே தெரிந்தது.

சீரியலே பார்க்கக் கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. பகலெல்லாம் காட்டிலும் கம்பெனியிலும் உழைத்த உடம்புக்கு அரை மணி நேரம் சந்தோஷம் வேண்டும். நல்லதும் நடந்திருக்கிறது. ஜென்சன், ஆஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார், ஹரியானா உள்ளிட்ட இடங்களின் கிராமங்களில் எடுத்த கணக்கை வைத்து 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கேபிள் டி.வி. வந்த ஊர்களில் "புருஷன் அடிப்பது சரிதான்" என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணமும் குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்கள் பேச்சு கொஞ்சம் ஏறியது. நாடகத்துப் பெண்ணிடமிருந்து தைரியம் கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. சந்தேகத்தை மட்டும் கடன் வாங்க வேண்டாம்.

சரி, அந்த மருமகள் போனில் யாரிடம் பேசினாள்?

தன் அம்மாவிடம். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கூடப் பணம் தேவைப்பட்டது. முறைத்துக்கொண்டே இருக்கும் மாமியாரிடம் கேட்க அவளுக்குப் பயம். வெளியில் கந்துவட்டிக்கு வாங்கிவிட்டாள். அந்த வட்டி கட்டுவதைப் பற்றித்தான் கொட்டாய் ஓரத்தில் பேச்சு. ஊக்குநர் நேரில் போய்ப் பக்குவமாகக் கேட்டபோது அழுதுகொண்டே சொன்னாள். கேட்ட மாமியாருக்கும் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "நீங்க மொகம் குடுத்துப் பேசலயே அத்தே" என்றாள் அவள். அடுத்த கூட்டத்தில் அந்த அக்காவே தன் பேரில் உள்கடன் கேட்டார். குழு தீர்மானம் போட்டுக் கொடுத்தது. கந்துவட்டி அடைந்தது. குழுவில் குறைந்த வட்டிக்குக் கிடைத்திருக்க வேண்டிய பணத்துக்கு, சந்தேகத்தால் ரெண்டு மாசம் கந்துவட்டி கட்டியதுதான் நஷ்டம்.

சகோதரிகளே, வீட்டில் யார் மேலாவது சந்தேகம் வந்தால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்:

1. இதை நான் கண்ணால் பார்த்தேனா, டி.வி.யில் பார்த்தேனா?
2. அவளிடமே நேராகக் கேட்டேனா?
3. நாடகமே பார்க்காதவளாக இருந்தால், இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பேன்?

சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். விளம்பர நேரத்தில் மருமகளையும் கூப்பிட்டு, "இது நம்ம வீட்ல நடந்தா என்ன செய்வோம்?" என்று பேசிப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் மனசுக்குள்ளேயே வளரும் சந்தேகம், நாலு பேர் பேசும்போது சிரிப்பாக மாறிவிடும்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவிலும் இதைப் பேசுங்கள். ரசீது இல்லாத வரவை மனசிலும் எழுத வேண்டாம்!