ஒயர் போகட்டும், சார்ஜர் யார் கையில்?

காதுக்குப் பின்னால், முடிக்குள் பாதி மறைந்த ஒரு வட்டம். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பள்ளி விட்டு வந்த குழந்தை அதைக் கழற்றி அலமாரியில் வைத்த நொடியே சத்தம் நின்றுவிடும். காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய பிள்ளைகள் வீட்டில் இது அன்றாடக் காட்சி. தலைக்குள் இருக்கும் கருவியில் பேட்டரியே கிடையாது. ஒலியும் மின்சாரமும் அந்த வட்டத்திலிருந்து தோலைத் தாண்டி ரேடியோ அலையாகவே உள்ளே போகின்றன.

ஒயர் இல்லாத மின்சாரம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். அது உடம்புக்குள் நுழைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோம் மருத்துவமனை ஒன்றில் 43 வயது நோயாளிக்கு உலகிலேயே முதன்முறையாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதன் பேட்டரியை வெளியிலிருந்து கம்பிச்சுருளை வைத்துத் தோல் வழியாகத்தான் சார்ஜ் செய்தார்கள். முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோக, உடனே இரண்டாவது வைக்கப்பட்டது. மொத்தம் 26 கருவிகள் மாற்றிக்கொண்டு, 2001 வரை, 86 வயது வாழ்ந்தார் அந்த மனிதர்.

தூரம்தான் இன்னும் தகராறு. 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு மீட்டர் தள்ளி 60 வாட் பல்பை எரிய வைத்தார்கள். அனுப்பியதில் ஏறத்தாழ 40 சதவீதமே போய்ச் சேர்ந்தது. தோலின் கனம் என்றால் கதை வேறு. இதயப் பம்ப் வைத்தவர்களுக்கு வயிற்றைத் துளைத்து வெளியே வரும் ஒயர் கிருமித்தொற்றின் வாசல். அந்த வாசலை அடைத்தால் எத்தனையோ உயிர் பிழைக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். மறுக்க முடியாது.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. ஒயரை எடுத்துவிட்டால் உயிர்நாடி வெளியில் இருக்கும் அந்தச் சார்ஜருக்கு மாறிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் செயற்கை விழித்திரைக் கருவி ஒன்றின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 350 பேருக்கு மேல் அதைக் கண்ணுக்குள் வைத்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடியில் பதித்த சுருளிலிருந்துதான் அதற்கு மின்சாரம். அந்தக் கண்ணாடி உடைந்தால், கண்ணுக்குள் இருப்பது வெறும் உலோகத் துண்டு.

நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் கிடைக்கிறது, பெரிய வரம். அந்தக் குழந்தைக்கு இருபது வயதாகும்போது அதே மாடல் சுருள் கடையில் இருக்குமா? அன்று வாங்கிக் கொடுப்பது யார்?

செல்போனுக்கு இந்தக் கவலை தீர்ந்துவிட்டது. ஒயரில்லாமல் சார்ஜ் ஆகும் போன் என்றால், எந்தக் கம்பெனி போனையும் பெரும்பாலும் எந்தக் கம்பெனி சார்ஜிங் தட்டிலும் வைக்கலாம். பொதுத் தரம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்தில் தூக்கிப்போடும் போனுக்கு இருக்கும் அந்த ஏற்பாடு, ஆயுள் முழுக்கச் சுமக்கும் கருவிக்கு இல்லை.

எனவே, வீட்டில் யாருக்காவது இப்படியொரு கருவி வைக்கப் போகிறார்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேளுங்கள்: இதன் வெளிப்பாகம் எத்தனை வருடம் கிடைக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.